லிஃப்ட் ஏன் வரவில்லை? கல்லூரி லிஃப்ட் கற்றுக்கொடுத்த கம்ப்யூட்டர் பாடம்

ஒரு பட்டனை அழுத்துகிறீர்கள். எதுவும் நடக்கவில்லை. மீண்டும் அழுத்துகிறீர்கள். அப்போதும் எதுவும் நடக்கவில்லை. கோபத்தில் நான்கைந்து முறை தொடர்ந்து அழுத்துகிறீர்கள். "புது கம்ப்யூட்டர் வாங்கிய முதல் வாரத்தில் எனக்கு நடந்ததை எழுதுகிறாரே!" என்று நினைக்க வேண்டாம். நான் சொல்வது லிஃப்ட் பட்டனை. ஆனால் இரண்டும் ஒன்றுதான் என்பதை இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும்போது நீங்களே சொல்வீர்கள்.

சாஃப்ட்வேர் துறையில் யூஸர் எக்ஸ்பீரியன்ஸ் என்று ஒரு சொல்லை அடிக்கடி பயன்படுத்துவோம். ஒரு புரோகிராம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது வேறு. அதைப் பயன்படுத்துபவர் என்ன படுகிறார் என்பது வேறு. இந்த இரண்டாவது விஷயம்தான் யூஸர் எக்ஸ்பீரியன்ஸ். நான் அதைக் கற்றுக்கொண்டது அலுவலகத்தில் அல்ல. இன்ஜினியரிங் படித்தபோது, எங்கள் கல்லூரி லிஃப்ட் வாசலில்.

பத்து மாடி, இரண்டு லிஃப்ட்

எங்கள் கட்டடத்தில் தரைத்தளத்திற்கு மேல் பத்து மாடிகள். லிஃப்ட் இரண்டு. ஒவ்வொன்றிலும் "13 பேர், 884 கிலோ" என்று தகடு அடித்திருக்கும். ஒரு ஆளுக்கு 68 கிலோ என்று போட்ட கணக்கு அது. புத்தகப் பையும் டிராஃப்டரும் தூக்கிக்கொண்டு வரும் மாணவர்கள் பதின்மூன்று பேர் அதில் நிற்க முடியாது. பத்துப் பேர் ஏறினாலே மூச்சு முட்டும்.

காலை ஒன்பது மணிக்கு முதல் வகுப்பு. எட்டே முக்காலுக்கு லிஃப்ட் வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் ரேஷன் கடை தோற்றுப்போகும். எனக்குக் கவலை இல்லை. கால் இருக்கிறது, படி இருக்கிறது, ஏறிவிடுவேன். என் லேப் பார்ட்னருக்கு அப்படி இல்லை. சிறு வயதிலேயே போலியோ பாதித்ததால் காலில் காலிப்பரும் கையில் ஒரு ஊன்றுகோலும் அவனுக்கு எப்போதும் வேண்டும். எங்கள் வகுப்பறை ஆறாவது மாடி, லேப் ஏழாவது மாடி. இதற்காகவே அவன் தினமும் எட்டேகாலுக்கு வந்து, கூட்டம் சேரும் முன் மேலே போய், காலி வகுப்பறையில் தனியாக உட்கார்ந்திருப்பான்.

மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் எங்கள் பிராக்டிகல் தேர்வு மதியம் ஒன்றரை மணிக்கு. காலைப் பிரிவினர் இறங்குகிறார்கள், மதியப் பிரிவினர் ஏறுகிறார்கள், நடுவில் சாப்பாட்டுக் கூட்டம். அவன் சீக்கிரமாகவே வந்து நின்றான். கதவு திறக்கும்போதெல்லாம் பின்னால் இருப்பவர்கள் பாய்ந்து ஏறினார்கள். ஊன்றுகோலோடு பாய முடியுமா? ஏழு முறை கதவு மூடியது. இருபத்தைந்து நிமிடம் தாமதமாக லேபுக்குள் நுழைந்தவனைப் பார்த்து எக்ஸாமினர் கேட்டது ஒரே கேள்வி: "லிஃப்ட் இருக்குல்ல?" கூடுதல் நேரம் தரவில்லை. அவுட்புட் வராமலே பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்தான்.

அன்று மாலைதான், இதை ஒரு புரோகிராமிங் பிரச்சினையாக எடுத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். அவன் சிரித்தான். "டேய், நீ சரி பண்றதுக்குள்ள எனக்கு டிகிரியே வந்துடும்."

லிஃப்ட் எப்படி யோசிக்கிறது?

முதலில் லிஃப்டின் மூளையைப் புரிந்துகொள்வோம். யார் முதலில் பட்டனை அழுத்தினாரோ அவரிடம் முதலில் போவது என்று லிஃப்ட் நடந்துகொண்டால் என்ன ஆகும்? பத்தாவது மாடி, அடுத்து ஒன்றாவது, அடுத்து ஒன்பதாவது என்று ஊஞ்சல் ஆடிக்கொண்டே இருக்கும். எனவே பெரும்பாலான லிஃப்ட்டுகள் ஒரு எளிய விதியைப் பின்பற்றுகின்றன. மேலே போக ஆரம்பித்தால், அந்தத் திசையில் அழைப்புகள் இருக்கும்வரை மேலேயே போ. வழியில் மேலே போக நிற்பவர்களை ஏற்றிக்கொள். அழைப்புகள் தீர்ந்ததும் திரும்பி, இதையே கீழ் நோக்கிச் செய். நகரப் பேருந்து ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்த் திரும்புவது போலத்தான்.

இந்த விதியின் பெயர் எலிவேட்டர் அல்காரிதம். உங்கள் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதற்குள்ளும் இது உண்டு. ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே சுழலும் தட்டின் மேல் ஒரு ஹெட் முன்னும் பின்னும் நகர்ந்து தகவலைப் படிக்கிறது. ஒரே நேரத்தில் பல ஃபைல்களைக் கேட்டால், கேட்ட வரிசையில் ஓடாமல், ஒரு பக்கமாகப் போகும் வழியில் இருப்பதையெல்லாம் படித்துக்கொண்டே போவதுதான் லாபம். லினக்ஸில் பல ஆண்டுகள் இந்த வேலைக்கான செட்டிங்கின் பெயரே எலிவேட்டர்தான். சாட்டா வகை டிஸ்க்குகள் 32 கட்டளைகள் வரை வாங்கி வைத்துக்கொண்டு, தாமாகவே வரிசையை மாற்றிக்கொள்ளவும் வல்லவை. எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அதில் நகரும் ஹெட்டே கிடையாது.

கல்லூரி லிஃப்டைப் புரோகிராமாக எழுதிப் பார்க்கும் ஆசை எனக்கு மட்டும் வந்ததல்ல. கம்ப்யூட்டர் மேதை டொனால்ட் க்னூத் 1968-ல் வெளியிட்ட 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' முதல் தொகுதியில் ஒரு லிஃப்டை கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டுகிறார். அது கலிஃபோர்னியா இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியின் கணிதத் துறைக் கட்டடத்தில் இருந்த லிஃப்ட். ஐந்து தளம், ஒரே லிஃப்ட். வேலை இல்லாதபோது அது ஒரு குறிப்பிட்ட தளத்திற்குத் தானே திரும்பி வந்து நிற்கும். அந்தப் புரோகிராமில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு ஒன்று. ஒவ்வொரு பயணிக்கும் எந்தத் தளம், எங்கே போகிறார் என்பதோடு, 'எவ்வளவு நேரம் பொறுப்பார்' என்ற ஒரு எண்ணும் உண்டு. அந்த நேரம் கடந்தால் பயணி கிளம்பிவிடுவார். ஆனால் என் நண்பனுக்கு அந்த எண் இல்லை. பொறுமை போனாலும் அவன் கிளம்பிப் போக வேறு வழி கிடையாது. இதை அப்போது நான் கவனிக்கவில்லை.

எக்ஸெலில் ஒரு சோதனை

இதை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். எக்ஸெலைத் திறந்துகொள்ளுங்கள்; லிப்ரே ஆஃபீஸ் கால்க் ஆனாலும் சரி. ஒரே வரிசையில் பத்து செல்களில், ராண்ட்பிட்வீன் என்ற ஃபங்ஷனை 1, 10 என்ற எண்கள் கொடுத்து எழுதுங்கள். ஒவ்வொரு செல்லிலும் 1 முதல் 10-க்குள் ஏதோ ஒரு எண் வரும். அந்தப் பத்து செல்களும் லிஃப்டில் ஏறிய பத்துப் பேர். எண்கள் அவர்கள் இறங்கும் மாடிகள். இப்போது எத்தனை வெவ்வேறு எண்கள் வந்துள்ளன என்று எண்ணுங்கள். அத்தனை முறை லிஃப்ட் நிற்க வேண்டும். எஃப்9 கீயைத் தட்டினால் அடுத்த லோடு தயார்.

இருபது முறை தட்டிப் பார்த்தால் சராசரி ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் வந்து நிற்கும். கணக்காகவும் போடலாம். ஒரு குறிப்பிட்ட மாடியில் ஒருவர் இறங்காமல் இருக்க வாய்ப்பு 0.9. பத்துப் பேருமே அங்கே இறங்காமல் இருக்க, 0.9-ஐப் பத்து முறை பெருக்க வேண்டும்: சுமார் 0.35. ஆக அந்த மாடியில் லிஃப்ட் நிற்க வாய்ப்பு 0.65. பத்து மாடிக்கு 6.5 நிறுத்தம்.

வேகம் குறைத்து, கதவு திறந்து, ஆள் இறங்கி, கதவு மூடி, மறுபடி கிளம்ப ஒரு நிறுத்தத்திற்குப் பத்து விநாடி ஆவதை மொபைலில் பார்த்து வைத்திருந்தேன். நிறுத்தங்களுக்கு 65 விநாடி, ஏறி இறங்கும் ஓட்டத்திற்கு 66, கீழே ஆள் ஏற 20. மொத்தம் ஒரு சுற்றுக்கு 150 விநாடி. இருபது நிமிடத்தில் எட்டு சுற்று. இரண்டு லிஃப்டும் சேர்ந்து 160 பேர். கீழே நிற்பது அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்!

இப்போது ஒரு சின்ன மாற்றம். ஒரு லிஃப்ட் ஒற்றைப்படை மாடிகளுக்கு மட்டும், மற்றது இரட்டைப்படைக்கு மட்டும் என்று வைப்போம். செல்களில் 1, 5 என்று எண்ணை மாற்றிவிட்டு எஃப்9 தட்டுங்கள். சராசரி நிறுத்தம் 4.5-க்கு இறங்கிவிடும். சுற்றுக்கு இருபது விநாடி மிச்சம். இருபது நிமிடத்தில் சுமார் 185 பேர். ஒரு ரூபாய் செலவில்லாமல் 25 பேர் கூடுதல். இந்த ஷீட்டை பிரிண்ட் எடுத்துக்கொண்டு எங்கள் துறைத் தலைவரிடம் போனேன். ஒரு வாரம் செய்து பார்க்கச் சொன்னார்.

முதல் வாரம்: படுதோல்வி

போர்டு எழுதி மாட்டினோம். ஒற்றைப்படை லிஃப்டுக்குள் ஏறியவர்கள் நிதானமாக 4 என்று அழுத்தினார்கள். லிஃப்டும் நின்றது. இரட்டைப்படை பட்டன்களின் மேல் அட்டையை ஒட்டினேன். இரண்டாம் நாள் அட்டையைக் காணோம். யூஸரிடம் போர்டு மாட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றாலே டிசைனில் தவறு இருக்கிறது என்று பின்னால் அலுவலகத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்.

எங்கள் லிஃப்டில் ஒரு ஆபரேட்டர் அண்ணன் இருந்தார். பதினைந்து வருடமாக அதே லிஃப்ட். என் எக்ஸெல் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, கணக்கு சரிதான். ஆனா மேலே நின்னு பாத்திருக்கியா?" என்றார். ஒரு மணி நேரம் மேல் மாடிகளில் நின்று பார்த்தேன். அவர் சொல்ல வந்தது அப்போது புரிந்தது.

இரண்டு லிஃப்டுக்கும் தனித்தனி அழைப்பு பட்டன்கள். வருபவர்கள் எல்லோரும் இரண்டையும் அழுத்துகிறார்கள். எது முதலில் வருகிறதோ அதில் ஏறிவிடுகிறார்கள். இரண்டாவது லிஃப்ட் யாருமே இல்லாத தளத்தில் நின்று, கதவைத் திறந்து, காற்றை ஏற்றிக்கொண்டு போகிறது. அது போதாதென்று மேல் அம்பு, கீழ் அம்பு இரண்டையும் அழுத்துவார்கள். ஏன் என்று ஒரு முதலாம் ஆண்டு மாணவியிடம் கேட்டேன். "அண்ணா, நான் மேலே போகணும். லிஃப்ட் எனக்கு மேலே இருக்கு. அது கீழே இறங்கி வரணும்ல, அதான் கீழ் அம்பையும் அழுத்தினேன்" என்றாள். யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயம்தானே? நாம் எங்கே போக வேண்டும் என்பதற்கான அம்பு அது. லிஃப்ட் எங்கே வர வேண்டும் என்பதற்கு அல்ல. ஆனால் அந்த அம்பு எங்கேயாவது அதைச் சொல்கிறதா?

மூன்றாவது விஷயம் இன்னும் மோசம். நிறைந்து வழியும் லிஃப்ட், மூன்றாவது மாடியில் யாரோ அழைத்ததற்காக நின்று கதவைத் திறக்கும். உள்ளே இருப்பவர்கள் வெளியே இருப்பவர்களைப் பார்ப்பார்கள். வெளியே இருப்பவர்கள் உள்ளே பார்ப்பார்கள். கதவு மூடும். பத்து விநாடி காலி. எடை அதிகமாக இருந்தால் வழியில் உள்ள அழைப்புகளுக்கு நிற்காமல் போகும் வசதி லிஃப்ட்டுகளில் உண்டு. அதற்கு ஃபுல் லோட் பைபாஸ் என்று பெயர். சர்வீஸுக்கு வந்த டெக்னீஷியனிடம் கேட்டபோது, "இருக்கு சார், ஆன் பண்ணலை. யாரும் கேக்கலையே" என்றார். ஐந்து நிமிட வேலை. இரண்டு லிஃப்டையும் ஒரே பட்டனில் இணைப்பதற்குத்தான் அவர் சொன்ன தொகை பெரிதாக இருந்தது. கல்லூரி அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை.

சராசரி என்ற மாயை

அடுத்த இரண்டு வாரத்தில் நிலைமை மாறியது. பைபாஸ் வேலை செய்தது. ஒன்று, இரண்டாம் மாடிக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே படியேறினார்கள். இரண்டு லிஃப்டுக்கும் தனித்தனி வரிசை உருவானதால், தவறான பட்டனை அழுத்துபவரைப் பக்கத்தில் நிற்பவரே திட்டினார். சராசரியாகக் காத்திருக்கும் நேரம் நன்றாகக் குறைந்தது. நான் பெருமையாகச் சொன்னேன். நண்பன் கேட்டான்: "சராசரி யாருடா? அவனை நான் பார்த்ததே இல்லையே."

அவன் சொன்னதை அப்படியே தருகிறேன். "முன்னாடி ஏழு லிஃப்ட் போனதுக்கப்புறம் ஏறினேன். இப்பவும் கதவு திறந்தா பாயறவன்தான் ஏறுறான். சீக்கிரம் சீக்கிரமா ஏழு லிஃப்ட் போகுது, அவ்வளவுதான். அதோட, ஆறாவது மாடியிலிருந்து ஏழாவது மாடி லேபுக்கு நான் எப்படிப் போறது? கீழே இறங்கி, லிஃப்ட் மாறி, மறுபடி ஏறணுமா?"

என் எக்ஸெல் ஷீட்டில் யாருமே ஆறிலிருந்து ஏழுக்குப் போகவில்லை. எல்லோரும் தரைத்தளத்திலிருந்துதான் கிளம்பினார்கள். ஒற்றைப்படை, இரட்டைப்படை ஏற்பாட்டைக் காலை எட்டே நாற்பதிலிருந்து ஒன்பது மணி வரை மட்டும் என்று உடனே சுருக்கினோம்.

அவன் சொன்ன முதல் குறைக்கு கம்ப்யூட்டர் துறையில் ஸ்டார்வேஷன் என்று பெயர். அதாவது பட்டினி. மற்றவர்கள் தொடர்ந்து முந்திக்கொண்டே இருப்பதால் ஒரு வேலைக்கு மட்டும் முறை வராமலே போவது. லினக்ஸில் இதற்காகவே டெட்லைன் என்று ஒரு ஏற்பாடு உண்டு. டிஸ்க்கிலிருந்து படிக்க வந்த கோரிக்கை அரை விநாடிக்கு மேல் காத்திருந்தால், வழக்கமான வரிசையை நிறுத்திவிட்டு அதைக் கவனிக்கும். எழுத வந்த கோரிக்கைக்கு ஐந்து விநாடி. மொத்த வேகம் கொஞ்சம் குறையலாம். பரவாயில்லை, யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள்.

இதை விளக்கிவிட்டு, "உனக்குத் தனி வரிசை போடச் சொல்கிறேன்" என்றேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. "தினமும் காலையில போர்டுக்குக் கீழே போய் நிக்கணுமா? எல்லாரும் பாக்கணுமா?" சிறிது நேரம் கழித்து அவனே வழி சொன்னான். "எனக்குன்னு போடாதே. ரெண்டு லிஃப்டைத் தவறவிட்ட யாரா இருந்தாலும் வந்து நிக்கலாம்னு போடு."

அப்படியே செய்தோம். கதவுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு மஞ்சள் கோடு. இரண்டு முறை ஏற முடியாமல் போனவர்கள் அதில் நிற்கலாம். அடுத்த லிஃப்டில் முதல் இடம் அவர்களுக்கு. ஆபரேட்டர் அண்ணன் சாவி போட்டு லிஃப்டைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு, "மஞ்சக் கோடு முதல்ல!" என்று குரல் கொடுப்பார். வயதான புரொஃபசர் ஒருவர், லேப் பொருட்களோடு வரும் அட்டெண்டர் அக்கா, கர்ப்பிணியாக இருந்த ஒரு மேடம் எல்லோரும் அதில் நின்றார்கள். என் நண்பனும் நின்றான். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏமாற்றியவர்களும் உண்டு. ஒரு லிஃப்டைக்கூடத் தவறவிடாமல் நேராகக் கோட்டில் வந்து நிற்பார்கள். அண்ணனின் ஞாபகசக்திதான் அதற்கு ஆன்டிவைரஸ். அவர் லீவு எடுத்த நாட்களில் கோடு வெறும் பெயின்ட்டாகிவிடும்.

வெளியே எப்படிச் செய்கிறார்கள்?

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் ஆர்ட்ஸ் டவர் என்று ஒரு உயரமான கட்டடம் 1966-ல் திறக்கப்பட்டது. அங்கே பேட்டர்னாஸ்டர் என்ற விசித்திரமான லிஃப்ட் இருக்கிறது. கதவு இல்லை, பட்டன் இல்லை. இரண்டு பேர் நிற்கும் 38 பெட்டிகள் ராட்டினம்போல நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஓடும் பஸ்ஸில் ஏறுவதுபோல ஏறி, அப்படியே இறங்க வேண்டும். காத்திருக்கும் நேரம் அநேகமாகக் கிடையாது. கூட்டத்தைச் சமாளிக்க இதைவிட நல்ல யோசனை இருக்க முடியாது என்று நினைத்து, நண்பனிடம் வீடியோவைக் காட்டினேன். அவன் தன் ஊன்றுகோலைக் காட்டினான். அங்கேயும் சாதாரண லிஃப்ட்டுகள் பக்கத்தில் இருக்கின்றன என்பது பிறகுதான் தெரிந்தது. ஜெர்மனியில் 1974 முதல் இந்த வகையைப் புதிதாக அமைக்கவே அனுமதி இல்லை.

இப்போது நான் வேலை செய்யும் கட்டடத்தில் இருப்பது டெஸ்டினேஷன் கன்ட்ரோல் வகை. லிஃப்டுக்கு வெளியிலேயே எந்த மாடி என்று எண்ணைத் தட்டினால், "சி லிஃப்டுக்குப் போங்கள்" என்று திரையில் காட்டும். ஒரே மாடிக்குப் போகிறவர்களை ஒரே லிஃப்டில் சேர்த்து நிறுத்தங்களைக் குறைக்கிறது. நம் எக்ஸெல் கணக்கேதான்! ஆஸ்திரேலிய இன்ஜினியர் லியோ போர்ட் 1961-லேயே இதை யோசித்துவிட்டார். (இவர் பின்னாளில் சிட்னி நகர மேயரும் ஆனார்.) ஆனால் இதைக் கணக்குப் போடும் அளவுக்கு மலிவான மைக்ரோபுராஸஸர் அன்று இல்லை. 1990-களில் ஷிண்ட்லர் நிறுவனம்தான் இதைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. இதிலும் யூஸர் கோளாறு உண்டு. பத்துப் பேர் கும்பலாக வந்து, ஒருவர் மட்டும் எண்ணைத் தட்டுவார். ஒருவருக்கு இடம் ஒதுக்கிய லிஃப்டில் பத்துப் பேர் ஏறுவார்கள். பேனலில் மாற்றுத் திறனாளிகளுக்கான பட்டன் ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் கதவு கூடுதல் நேரம் திறந்திருக்கும். எங்கள் அலுவலகத்தில் அது எதற்கு என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

நண்பன் அந்த பிராக்டிகலை அடுத்த செமஸ்டரில் மறுபடி எழுதி பாஸ் செய்தான். இன்று ஒரு வங்கியின் சாஃப்ட்வேர் பிரிவில், தரைத்தளத்தில் வேலை செய்கிறான். "வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் சம்பளம் பார்க்கவில்லை, மாடி எண்ணைத்தான் பார்த்தேன்" என்று அவன் சொல்வது பாதி கிண்டல்தான்.

உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலோ அலுவலகத்திலோ லிஃப்ட் தொல்லை இருந்தால், சர்வீஸுக்கு வரும் டெக்னீஷியனிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். ஃபுல் லோட் பைபாஸ் ஆன் செய்யப்பட்டுள்ளதா? சும்மா இருக்கும்போது லிஃப்ட் எந்தத் தளத்தில் போய் நிற்கிறது, குடியிருப்பானால் காலையில் அது மேல் மாடியாகவும் மாலையில் தரைத்தளமாகவும், அலுவலகமானால் நேர்மாறாகவும் இருக்க முடியுமா? கதவு எத்தனை விநாடி திறந்திருக்கிறது? அமெரிக்காவில் உள்ளிருந்து அழுத்திய மாடியில் குறைந்தது 3 விநாடி கதவு முழுதாகத் திறந்திருக்க வேண்டும் என்று விதியே உண்டு. உங்கள் வீட்டில் ஊன்றுகோலோடு நடப்பவர் யாராவது இருந்தால், அவரை ஒருமுறை ஏறி இறங்கச் சொல்லி, அவருக்கு எத்தனை விநாடி தேவை என்று பார்த்து அந்த எண்ணை டெக்னீஷியனிடம் சொல்லுங்கள்.